கட்டுப்பல்லு ஊறவைக்கிற நுரைக்குளிசை: காசு குடுத்து வாங்கலாமோ?

பாமசியில பற்பசை அடுக்கின தட்டுக்குக் கீழ, ஆரின்ர கண்ணிலயும் படாமல் தூசி பிடிச்சுக் கிடக்கிற பெட்டி உது. கட்டுப்பல்லு ஊறவைக்கிற நுரைக்குளிசை. கிளிநொச்சி டவுனுக்குள்ள ஏ9 றோட்டுக் கரையில தேடித்தான் எடுத்தனான், பரந்தன் பக்கம் கேட்டா "அப்பிடி ஒண்டு இருக்கோ அக்கா" எண்டு என்னையே திருப்பிக் கேக்கினம். பாவிக்கிற ஆள் என்ர மாமி, எழுபது தாண்டினவ, மேல் வரிசை முழுக்கக் கட்டின பல்லு, கீழ கொஞ்சம் சொந்தப் பல்லு இருக்கு. பிராண்ட் பேர் போடேல்லை, போட்டா விளம்பரம் எண்டுவியள் இல்லாட்டி ஏன் குறை சொல்லுறாய் எண்டுவியள், அதோட சந்தையில கிடக்கிற எல்லாத்துக்குள்ளயும் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்.

மார்க் கேக்கிறவைக்கு முதலே சொல்லிப்போடுறன், ஐஞ்சுக்கு மூண்டரை. குளிசை பழுதில்லை. ஆனா பெட்டியில எழுதினதை நம்பி, இதை மட்டும் போட்டு ஊறவைச்சா எல்லாம் சுத்தம் எண்டு இருந்தியள் எண்டால் காசு உண்மையிலயே தண்ணிக்குள்ளதான் போகுது. அது ஏன் எண்டு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன், பொறுமை இருந்தா வாசியுங்கோ.

முதல் நல்லதைச் சொல்லுறன். இளஞ்சூட்டுத் தண்ணி அரைக் கோப்பை, அதுக்குள்ள ஒரு குளிசை, பல்லை உள்ள விட்டா சுர்ர்ர் எண்டு நுரைக்கும். சோடியம் பைகாபனேற்றும் சிட்ரிக் அமிலமும் சேந்து கக்கிற காபனீரொட்சைட்டுதான் அந்த நுரை. அதோட ஒட்சிசனை விடுற சாமான் ஒண்டு இருக்கும், பெட்டியின்ர பின்பக்கம் வாசிச்சா சோடியம் பெர்காபனேற்று, பொற்றாசியம் மொனோபெர்சல்பேற்று அப்பிடி ஏதாவது பேர் கிடக்கும். கறையை வெளுக்க வைக்கிறதும் கிருமியைச் சுடுறதும் அதுதான். மாமி வெத்திலை போடுற ஆள், பல்லு பாக்குச் சாயத்தில மண்ணிறமாக் கிடந்தது, கிழமை ஒண்டு போக முன்னம் பளிச்செண்டு வந்திட்டுது. மணமும் இல்லை. முந்தி மாமி கிட்ட வந்து குசுகுசு எண்டு கதைச்சா நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன், இப்ப அந்தக் கரைச்சல் இல்லை. நிறம், மணம் ரெண்டுக்கும் முழு மார்க்.

ஆனா நாங்கள் வாங்கினது நிறத்துக்கும் மணத்துக்கும் இல்லை. மாமிக்கு மேல் அண்ணம் சிவந்து போய்க் கிடந்தது, எரிவு, புளிக்குழம்பு வாயில வைக்க ஏலாது, ரெண்டு கடைவாயும் வெடிச்சு. அவ சொன்னது "உது சூடு பிள்ளை, வெயிலுக்க நிண்டது" எண்டு. மோர் குடிச்சா, வெந்தயம் ஊறவைச்சுக் குடிச்சா, வல்லாரைச் சம்பல் திண்டா, ஒண்டும் நடக்கேல்லை. பாமசியில சொல்லி ஒரு ஜெல் வாங்கிப் பூசினா, ரெண்டு கிழமையில சுகம், பிறகு மாதம் ஒண்டு போக திரும்ப அதே சிவப்பு. திரும்ப ஜெல். திரும்ப சிவப்பு. கடைசியாத்தான் ஆசுப்பத்திரிப் பல்லுக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. டொக்டர் பிள்ளை பல்லைக் கழட்டச் சொல்லிப்போட்டு அண்ணத்தையும் பல்லின்ர உள்பக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எனக்குக் காட்டினா. சிவப்பு சும்மா அங்கங்க இல்லை, பல்லுத் தகடு எவ்வளவு இடத்தை மூடுதோ அவ்வளவு இடம் மட்டும், கோடு கீறின மாதிரி. "அம்மா, வருத்தம் உங்கட வாயில மட்டும் இல்லை, இந்தத் தகட்டிலயும் இருக்கு. நீங்கள் வாய்க்கு மட்டும் மருந்து போட்டுப்போட்டு வருத்தத்தைத் திரும்பக் கொண்டு போய் வாய்க்குள்ள மாட்டுறியள்" எண்டா. எனக்கு அப்பதான் மண்டைக்குள்ள லைற் எரிஞ்சது.

விசயம் இதுதான். கன்டிடா எண்டு ஒரு பங்கசு, மதுவ இனம், கனபேரின்ர வாயிலயும் வயித்திலயும் சும்மா குடியிருக்கும், ஒண்டும் செய்யாது. கட்டுப்பல்லுத் தகடு அக்ரிலிக். மேல் பக்கத்தை மினுக்கி விடுவினம், அண்ணத்தில ஒட்டுற உள்பக்கத்தை மினுக்கிறேல்லை, மினுக்கினா அளவு மாறிப்போடும். கண்ணுக்கு வழவழப்பாத் தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழியும் வெடிப்பும், பங்கசுக் கலத்துக்கு அது போதும். பல்லை வாயில போட்ட கையோட உமிழ்நீரில இருக்கிற புரதம் தகட்டில படியும், அதைப் பிடிச்சுக்கொண்டு கலம் ஒட்டும், ஒட்டினது பெருகும், இழை விடும், பிறகு தன்னைச் சுத்தி ஒரு பசையைச் சுரந்து அதுக்குள்ள குடும்பமாக் குந்தும். பற்றீரியாவும் வந்து சேரும். இந்தக் குடியிருப்புக்குத்தான் பயோஃபிலிம், தமிழில உயிர்ப்படலம் எண்டு பேர், இனி நான் படலம் எண்டு சொல்லுறது இதைத்தான். கிணத்தடிக் கல்லில பாசி பிடிக்கிற மாதிரித்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, மேலால எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகாது, தும்புக்கட்டை போட்டுத் தேய்ச்சாத்தான் போகும்.

அமெரிக்காவில 2001 இல ஒரு ஆய்வு, கட்டுப்பல்லுக்குப் போடுற அதே அக்ரிலிக்கைத் துண்டு துண்டா வெட்டி அதில கன்டிடாவை வளத்துப் பாத்திருக்கினம். முதல் 11 மணித்தியாலம் ஒட்டுறதும் சின்னச் சின்னக் கூட்டமாகிறதும். 12 இலிருந்து 30 மணித்தியாலத்துக்குள்ள பசை வரத் தொடங்குது. 38 இலிருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தடிப்பான, முத்தின படலம். அப்ப கணக்குப் பாருங்கோ, ஒரு நாள் ஒழுங்கா உரஞ்சாமல் விட்டால் பசைக்கு வந்திட்டுது, மூண்டு நாள் விட்டா வீடு கட்டி முடிச்சிட்டுது. நாங்கள் வருசக்கணக்கா விட்டிருக்கிறம்!

அதே ஆக்கள் மருந்தும் சோதிச்சிருக்கினம், நிஸ்டாட்டின், ஃபுளுகொனசோல், அம்ஃபோடெரிசின் பி, வாய் கொப்பளிக்கிற குளோர்ஹெக்சிடின் எல்லாம். தண்ணிக்குள்ள தனியாத் திரியிற கலத்தைச் சின்ன அளவு மருந்து அடக்கிப் போடுது, அதே கலம் தகட்டில படலமா இருந்தா அந்த அளவு காணவே காணாது. ஃபுளுகொனசோலுக்கு நூறு மடங்குக்கு மேல தேவைப்பட்டிருக்கு. பொதுவாப் பாத்தா சில மருந்துக்கு இது ஆயிரம் மடங்கு வரைக்கும் போகும் எண்டு சொல்லுவினம். மனுசருக்கு அவ்வளவு மருந்தைக் குடுக்க ஏலுமோ, குடுத்தா பங்கசுக்கு முதல் ஆள் முடிஞ்சிடும்.

ஏன் சாகுதில்லை எண்டு கேட்டா அதுக்கு ஒரு காரணம் இல்லை, கன காரணம். அந்தப் பசைக்குள்ள பீற்றா குளூக்கன் எண்டு ஒரு மாச்சத்து வகை இருக்கு, அது மருந்தைப் போய்ப் பிடிச்சு வைச்சுக்கொள்ளுது, கலத்துக்குக் கிட்டப் போக விடாது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆக்கள் 2007 இல உதைக் காட்டினவை. பிறகு கலத்தின்ர தோலில பம்ப் இருக்கு, உள்ள போன மருந்தை வெளியால இறைச்சு விடும், படலம் பிடிக்கத் தொடங்கேக்கயே அந்த பம்ப் ஓடத் தொடங்கிடும். படலம் முத்தினாப் பிறகு வேற வித்தை. எங்கட பங்கசு மருந்து முக்கால்வாசியும் குறி வைக்கிறது எர்கொஸ்ரரோல் எண்ட கொழுப்பை, நிஸ்டாட்டின் அதைப் பிடிச்சுக் கலத்தில ஓட்டை போடும், ஃபுளுகொனசோல் அதைச் செய்ய விடாமல் மறிக்கும். முத்தின படலத்தில அந்தக் கொழுப்பின்ர அளவே மாறிக் கிடக்குது, குறி தப்பிப் போகுது. இதெல்லாத்தையும் விட எனக்குப் பயமா இருந்தது என்னெண்டால், படலத்துக்க ஒரு கொஞ்சக் கலம் எந்த மருந்துக்கும் அசையாமல் உறங்கிக் கிடக்குமாம், பொஸ்ரன் பக்கம் 2006 இல கண்டு பிடிச்சது. மருந்து நிப்பாட்ட அது எழும்பித் திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். மாமியின்ர மாதா மாதச் சிவப்புக்கு அண்டைக்குத்தான் எனக்கு விளக்கம் கிடைச்சது. கவனிக்க வேண்டியது, படலத்திலிருந்து கழண்டு தனியா வந்த கலத்தைச் சோதிச்சா அனேகமாத் திரும்ப மருந்துக்குச் சாகும். அப்ப மருந்து போலியும் இல்லை, பாமசிக்காரர் ஏமாத்தவும் இல்லை. பங்கசு இருக்கிற நிலைமைதான் பிரச்சினை.

இப்ப பெட்டிக்கு வருவம். முன்பக்கம் பெரிசா "99.9 வீதம் பற்றீரியாவைக் கொல்லும்" எண்டு கிடக்கு. நல்லது. ஆனா மாமிக்கு இருக்கிறது பங்கசு, பற்றீரியா இல்லை. சரி பங்கசுக்கும் அப்பிடித்தான் எண்டு வைப்பம். தகட்டில பத்து லட்சம் கலம் இருந்தா 99.9 வீதம் போக மிச்சம் ஆயிரம். லாப்பில நல்ல சாப்பாடு குடுத்து வளத்தா கன்டிடா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஒண்டு ரெண்டாகிடும், பத்துத் தரம் ரெண்டாகினா ஆயிரம் திரும்பப் பத்து லட்சம். வாயில அவ்வளவு கெதியா நடக்காது, நடந்தாலும் நடக்காட்டியும் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை இது, ஒருக்காச் செய்து போட்டு விடுற வேலை இல்லை எண்டு விளங்கும்தானே. கிழமைக்கு ஒரு குளிசை போட்டுக் காசு மிச்சம் பிடிப்பம் எண்டு நினைக்கிறவை பிடிக்கிறது காசை இல்லை, பாசியைத்தான்.

2009 இல கொக்ரேன் மீளாய்வு ஒண்டு வந்தது, முந்தி வந்த ஆய்வு எல்லாத்தையும் சேத்து நிறுத்துப் பாக்கிறது அது, கட்டுப்பல்லுச் சுத்தம் செய்யிற முறையளை ஒப்பிட்டுப் பாத்தது. குளிசை திறமோ ப்ரஷ் திறமோ வேற ஏதும் திறமோ எண்டு முடிவு சொல்ல ஆதாரம் காணாது எண்டுதான் முடிச்சவை. நான் வாசிச்சுப் போட்டுச் சிரிச்சன், இவ்வளவு பெரிய விளம்பரம், ஆனா கையில பிடிச்சுக் காட்ட ஆதாரம் அவ்வளவுதான். 2011 இல அமெரிக்கப் பல்லுக்கட்டு நிபுணர் சங்கம் போட்ட வழிகாட்டி கொஞ்சம் நேரடியாச் சொல்லுது: ஒவ்வொரு நாளும் ஊறவை, ஒவ்வொரு நாளும் உரஞ்சு, ரெண்டும் வேணும். எங்கட டொக்டர் சொன்னதும் அதையேதான்.

அதால நான் குளிசையோட சேத்து வாங்கினது ஒரு கட்டுப்பல்லு ப்ரஷ். இதுக்கு ஐஞ்சுக்கு ஐஞ்சு, உண்மையா. ரெண்டு பக்கமும் தலை, ஒண்டு அகலம், மற்றது ஒடுக்கம், அண்ணப் பக்கத்து வளைவுக்குள்ள அந்த ஒடுக்கத் தலை வடிவாப் போகும். கிடைக்காட்டி நல்ல மெல்லிசு தும்பு உள்ள சாதாரண பல்லு ப்ரஷ் காணும். பற்பசை போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பற்பசைக்குள்ள நறநறப்புச் சாமான் கிடக்கு, அது சொந்தப் பல்லுக்குச் சரி, அக்ரிலிக்கைக் கீறிப்போடும், கீறினா பங்கசுக்குப் புதுசாக் குழி வெட்டிக் குடுத்த மாதிரி. கோப்பை கழுவுற திரவச் சவுக்காரம் ரெண்டு துளி காணும், பிறகு நல்லா அலசுங்கோ. கீழ ஒரு பேசினுக்குள்ள தண்ணி விட்டு வைச்சுக்கொண்டு தேய்ச்சா கை வழுக்கி விழுந்தாலும் உடையாது, சீமெந்துத் தரையில விழுந்தா ரெண்டு துண்டுதான்.

மாமி முந்திச் செய்த வேலை போத்தல் சுடுதண்ணியை அப்பிடியே ஊத்துறது. கிருமி சாகும் எண்டு. கொதிதண்ணி அக்ரிலிக்கை நெளிச்சுப்போடும், நெளிஞ்ச தகடு ஆடும், ஆடின தகடு அண்ணத்தை உரஞ்சும், உரஞ்சின இடத்தில பங்கசுக்கு இன்னும் கொண்டாட்டம். அந்த அமெரிக்க வழிகாட்டியிலயும் கொதிதண்ணியில போடவே கூடாது எண்டு கிடக்கு. கிணத்துக்குப் போடுற குளோரினைப் பற்றிக் கேக்கிறவையும் இருக்கினம், சித்தப்பா ஒராள் "ஏன் பிள்ளை உவ்வளவு காசு, எங்களிட்டை ப்ளீச் பவுடர் கிடக்குத்தானே" எண்டவர். ப்ளீச்சுக்குள்ள இருக்கிற ஹைப்போகுளோரைற்றை நல்லா ஐதாக்கினா அது பங்கசுப் படலத்தை நல்லா அடிக்கும் எண்டது உண்மைதான், பத்து நிமிசத்துக்கு மேல வைக்கக் கூடாது, வைச்சா நிறம் போயிடும், கம்பி கொழுவி உலோகம் உள்ள செட் எண்டா தொடவே கூடாது, கறள் பிடிச்ச மாதிரி அரிச்சுப்போடும். ஆனா கிணத்துக்குப் போடுற பவுடரை அளவு தெரியாமல் கையால அள்ளிப் போடுறதுக்கு நான் சம்மதிக்கேல்லை, டொக்டரைக் கேட்டு அளவு எடுத்தா செய்யுங்கோ.

எங்கட தண்ணியைப் பற்றியும் ஒரு வரி சொல்லோணும். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற தண்ணிதானே கன இடத்தில, அதே வெள்ளை பல்லிலயும் படியும், சொரசொரப்பு வரும். நாங்கள் இப்ப பில்ரர் தண்ணியிலதான் ஊறவைக்கிறது, அரைக் கோப்பை தண்ணிதானே.

அடுத்தது எல்லாத்தையும் விடக் கஸ்டமான பகுதி, இரவில கழட்டுறது. குளிசைப் பெட்டியில மூண்டு நிமிசம் ஐஞ்சு நிமிசம் எண்டு போட்டிருக்கு, அதால வாங்குற ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டா ஐஞ்சு நிமிசம் ஊறவைச்சுப்போட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு படுக்கலாம் எண்டு. அதுதான் எனக்கு இந்தக் கொம்பனிக்காரரில இருக்கிற கோவம். தகட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையில உமிழ்நீர் போகாது, நித்திரையில உமிழ்நீரே குறைவு, சூடு, ஈரம், பங்கசுக்கு வேற என்ன வேணும். ஜப்பானில 85 வயசு தாண்டின 524 பேரைத் தொடந்து பாத்து 2015 இல ஒரு ஆய்வு வந்தது, கட்டுப்பல்லோட நித்திரை கொள்ளுறவைக்கு நியூமோனியா வாற ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல. கட்டுப்பல்லுதான் நியூமோனியாவைக் குடுத்தது எண்டு அதால அடிச்சுச் சொல்ல ஏலாது, ஆனா கிழவன் கிழவியை வைச்சிருக்கிற வீட்டுக்கு அது காணும்.

மாமி கழட்ட மாட்டன் எண்டு நிண்டா. முதல்ல சொன்னா வெக்கம் எண்டு, சாமத்தில ஆரும் வந்தா பொக்கை வாயோடயே கதவைத் திறக்கிறது எண்டு. பிறகு ஒரு நாள்தான் உண்மை வந்தது. இடப்பெயர்வு நேரம் தரப்பாளுக்குள்ளயும் பங்கருக்குள்ளயும் படுக்கேக்க பல்லைக் கழட்டி வைச்சா ஓடேக்க எடுக்க நேரம் இராது, போனா போனதுதான், அதால வாயிலயே வைச்சுப் பழகிட்டுது. பக்கத்தில இருந்த ஒரு ஆச்சி சிரட்டைக்குள்ள கழட்டி வைச்சு அப்பிடியே விட்டிட்டு ஓடினவவாம், பிறகு முகாமில கஞ்சியோடயே காலம் போனதாம். கிளிநொச்சியில அந்த ஓட்டத்துக்கு முன்னம் கட்டின பல்லு இது, அந்தத் தகடு கடைசிச் சண்டை நடந்த மாத்தளன் எல்லாம் பாத்திட்டு வந்தது. இதைக் கேட்டாப் பிறகு "கழட்டுங்கோ மாமி, பங்கசு" எண்டு நான் எப்பிடி வாய் துறந்து சொல்லுறது. கடைசியா மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி, தலகாணிக்குப் பக்கத்தில, கை எட்டுற தூரத்தில வைச்சுக் குடுத்தாப் பிறகுதான் கழட்டினா. இப்பவும் சாமத்தில எழும்பி டப்பாவைத் தடவிப் பாப்பா. அந்த டப்பா பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட பிளாஸ்ரிக் சாமான் கடையில வாங்கினது, பல்லுக்கெண்டு செய்ததே இல்லை, ஆனா மூடி இறுக்கம், தண்ணி ஒழுகாது.

பல்லு அவ்வளவு பழசு எண்டதும் ஒரு பிரச்சினை. வருசம் போகப் போக முரசு எலும்பு தேயும், தகடு மாறாது, அப்ப இடைவெளி வரும், ஆடும். டொக்டர் சொன்னா சுத்தம் எவ்வளவு செய்தாலும் இந்த செட்டோட முழுச் சுகம் கஸ்டம், உள்பக்கம் புதுசா அடிக்கோணும் இல்லாட்டிப் புது செட் கட்டோணும் எண்டு. இதை எந்தக் குளிசைப் பெட்டியிலயும் எழுத மாட்டினம்.

மருந்தைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்லோணும், இந்த முழு ரிவியூவிலயும் இதை மட்டுமாவது வாசியுங்கோ. மாமி இருதய வால்வுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் குடிக்கிறவ. பாமசியில குடுத்த ஜெல் மைக்கொனசோல். வாயில பூசிற ஜெல்தானே எண்டு நினைக்காதேங்கோ, விழுங்குப்பட்டு உள்ள போய் ஈரலில வோஃபரினை உடைக்கிற வேலையை மறிச்சுப்போடும், அப்ப ரத்தம் அளவுக்கு மிஞ்சித் தண்ணியாகிடும், சும்மா முட்டினாலே நீலம் பாயும், உள்ளுக்க ரத்தம் போனா ஆபத்து. ஜெல் தந்த கடையில ஒருத்தரும் வேற என்ன குளிசை குடிக்கிறா எண்டு கேக்கேல்லை. கிளினிக்கில டொக்டர் முதல் கேள்வியே அதுதான், உடன நிப்பாட்டி, ரத்தம் சோதிக்க அனுப்பி, நிஸ்டாட்டின் துளிக்கு மாத்தினா. நிஸ்டாட்டின் குடலால ரத்தத்துக்க அவ்வளவா ஏறாது, அதால வோஃபரினோட பெரிசாச் சண்டை பிடிக்காது. பழைய மருந்துதான், 1950 இல நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் எண்டு ரெண்டு பொம்பிளையள் கண்டுபிடிச்சது. துளி விடேக்க பல்லைக் கழட்டிப்போட்டுத்தான் விடோணும், வாயில கொஞ்ச நேரம் வைச்சிருக்கோணும். குளோர்ஹெக்சிடின் வாய் கழுவுற தண்ணியும் இதையும் ஒரே நேரத்தில பாவிக்க வேண்டாம், ரெண்டும் சேந்தா ஒண்டை ஒண்டு முடக்கிப்போடும்.

சீனி வருத்தம் உள்ள ஆக்கள், முட்டுக்கு பம்ப் இழுக்கிற ஆக்கள் இன்னும் கவனம். பம்ப் இழுத்த கையோட வாயைக் கொப்பளிக்கோணும், அதுக்குள்ள இருக்கிற ஸ்ரீரொயிட் வாயில தங்கினா பங்கசு எழும்பும். தேத்தண்ணிச் சீனியும் இதில ஒரு ஆள்தான். எங்கட நாட்டுக்காரர் ஒராள், பேராதனையில படிச்சு கிளாஸ்கோவிலயும் ஹொங்கொங்கிலயும் வேலை செய்த லக்ஷ்மன் சமரநாயக்க, 1980 இலயே கன்டிடா அக்ரிலிக்கில எப்பிடி ஒட்டுது எண்டு ஆய்வு செய்தவர், சீனி கூடின ஊடகத்தில வளந்த கன்டிடா கூட ஒட்டும் எண்டு அதில வந்தது. மாமிக்கு இதைச் சொன்னன். சீனியைக் குறைக்காமல் தேத்தண்ணிக்குப் பிறகு வாய் கொப்பளிக்கச் சம்மதிச்சா. அதுவும் பரவாயில்லை.

ஒரு பக்கக் கதை. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் கூட எண்டு தெரியும்தானே, டயாலிசிஸுக்குக் கழுத்தில குழாய் போட்ட ஆக்கள் எங்கட சொந்தத்திலயும் இருக்கினம். குழாயில இதே கன்டிடா படலம் பிடிச்சு ரத்தத்துக்க இறங்கினா அது வாய்ப்புண் மாதிரி இல்லை, உயிருக்கு வாற வருத்தம். அப்ப டொக்டர்மார் மருந்து ஏத்திறதோட நிக்காமல் குழாயைக் கழட்டோணும் எண்டு நிப்பினம், சொந்தக்காரர் "நல்லா ஓடுற குழாயை ஏன் கழட்டுறியள்" எண்டு சண்டைக்குப் போறது. அவை சும்மா கழட்டேல்லை, படலம் இருக்கிற சாமானை உடம்பில வைச்சுக்கொண்டு மருந்தால மட்டும் வெல்லுறது கஸ்டம். கஸ்போஃபஞ்சின் மாதிரிப் புதுசா வந்த வகை, கொழுப்புக்குள்ள பொதிஞ்ச அம்ஃபோடெரிசின், இது ரெண்டும் படலத்தில கொஞ்சம் நல்லா வேலை செய்யும், ஆனா அது ஊசி, ஆசுப்பத்திரிச் சாமான், விலையும் அப்பிடி. உலக சுகாதார நிறுவனம் 2022 இல 19 பங்கசுக்கு முக்கியப் பட்டியல் போட்டது, அதில மேல் வரிசை நாலுக்குள்ள இந்த வாயில சும்மா கிடக்கிற கன்டிடா அல்பிகன்சும் ஒண்டு. பல்லைக் கழட்டி வைச்சா தப்பலாம் எண்ட நிலைமையில மாமி இருக்கிறது எங்கட அதிஸ்டம்.

இப்ப மாமிக்கு எப்பிடி எண்டு கேட்டா, கடைவாய் வெடிப்பு ஆறிட்டுது, அண்ணத்தில சிவப்பு நல்லாக் குறைஞ்சிட்டுது, முழுக்கப் போகேல்லை, புது செட்டுக்கு அளவு எடுக்கத் திகதி தந்திருக்கினம். புளிக்குழம்பு சாப்பிடுறா. இதுக்கு எவ்வளவு பங்கு குளிசைக்கு, எவ்வளவு ப்ரஷ்சுக்கு, எவ்வளவு இரவில கழட்டினதுக்கு, எவ்வளவு நிஸ்டாட்டினுக்கு எண்டு என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது, எல்லாம் ஒண்டாத்தான் தொடங்கினது. ஆனா காசு முட்டு எண்டு சொல்லி ஒண்டைத்தான் வாங்கலாம் எண்டா நான் ப்ரஷ்சைத்தான் வாங்குவன், குளிசையை விட்டிடுவன். காசு இருந்தா ரெண்டும். கை நடுங்கிற ஆக்கள், வடிவா உரஞ்ச ஏலாத ஆக்கள், படுக்கையில இருக்கிறவை, அவைக்கு குளிசை உண்மையா உதவி.

அரை மார்க் ஏன் வெட்டினது எண்டா பொதிக்கு. ஒவ்வொரு குளிசையும் தனித்தனியா ஒட்டி வந்தாலும் கிழிக்கிற இடம் வயசு போன கைக்கு ஏலாது, மாமி பல்லால கடிச்சுக் கிழிக்கப் பாத்தா, பல்லோ டப்பாக்குள்ள! நான் எல்லாத்தையும் கத்தரிக்கோலால நுனி வெட்டி வைச்சன், மாரி மழைக்கு ஈரம் ஏறி பாதி நுரைக்கவே இல்லை, அதால வெட்டி வைக்காதேங்கோ, அண்டண்டைக்கு வெட்டிக் குடுங்கோ. மற்ற ஒரு மார்க் அந்த ஐஞ்சு நிமிசக் கதைக்கு.

வாங்கேக்க முடிவுத் திகதி பாருங்கோ, ஊர்ப்பக்கம் ஓடாத சாமான், கன காலம் தட்டில கிடக்கும். ஊறவைச்ச பல்லை ஓடுற தண்ணியில நல்லா அலசிப்போட்டுத்தான் வாயில வைக்கோணும், அந்தத் தண்ணியில வாய் கொப்பளிக்கக் கூடாது. பெர்சல்பேற்று உள்ளதுக்குச் சில பேருக்கு ஒவ்வாமை வரும் எண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008 இல எச்சரிக்கை போட்டது, வாய் வீங்கினா தடிச்சா உடன நிப்பாட்டுங்கோ. பிறகு, இதைப் பாக்க விட்டமின் சி நுரைக்குளிசை மாதிரியே இருக்கும், மணமும் புதினா, அதால வயசு போன ஆக்களின்ர மருந்துப் பெட்டிக்குக் கிட்டவும் வைக்காதேங்கோ, சின்னப் பிள்ளையளுக்கு எட்டுற இடத்திலயும் வைக்காதேங்கோ. எங்கட வீட்டில அது குளியலறை மேல் தட்டில, ப்ரஷ்சோட.